வீட்டுத் தொலைபேசியும் இரண்டு செப்புக் கம்பிகளும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான ஒரு பெட்டி. கூடத்தின் மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பீரோவுக்கோ சாய்வு நாற்காலிக்கோ பின்னால் அது ஒளிந்துகொண்டிருக்கும். தொலைபேசியின் வால் போன்ற கம்பி அதன் வாயில் செருகப்பட்டிருக்கும். லைன்மேன் இப்பெட்டியை ரோசெட் என்று சொல்வார்; கடைக்காரர் ஜாக் என்றோ சாக்கெட் என்றோ சொல்வார். வீட்டைப் பெருக்குகிறவர்களைத் தவிர வேறு எவரும் அதனைக் குனிந்து பார்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பு மேசையில் பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் நமக்கு இந்த ஜாக் என்னும் சொல் ஒரு தொல்லையாகவே இருந்து வந்திருக்கின்றது. மோட்டார் வண்டியைத் தூக்கும் கருவியும் ஜாக். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டும் ஜாக். பலாப்பழத்தின் ஆங்கிலப் பெயரிலும் ஒரு ஜாக் இருக்கின்றது. இந்தக் கடைசி ஜாக் மட்டும் நம் பக்கத்துச் சொல். மலையாளத்துச் சக்கை போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டு ஆங்கிலத்துக்குப் போன கதை அது. தொலைபேசி ஜாக்கைச் செருகுவாய் என்று நாம் ஒருமுறை எழுதினோம். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆகவே இந்தப் பேச்சில் சாக்கெட் என்றே சொல்லுவோம். சொல் எதுவாயினும், அதற்குள் இருப்பவை இரண்டே இரண்டு கம்பிகள். அவ்விரண்டையும் அறிந்துகொண்டால் வீட்டுத் தொலைபேசியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நாமே கண்டுபிடித்துவிடலாம். பலவற்றை நாமே சரி செய்தும் விடலாம்.

கைபேசி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கின்ற இந்நாளில் இது எதற்கு என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் குடியேறிய நம்மவர் வீடுகளுக்குச் சென்று பாருங்கள். பல வீடுகளில் பழைய தொலைபேசி இன்னமும் அதே இடத்தில் இருக்கின்றது. ஊரில் இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு அந்த ஓர் எண்தான் மனப்பாடம். கைபேசி எண்ணை நாம் மூன்று முறை மாற்றியிருப்போம். அவர்கள் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்த எண் மாறவில்லை. அந்த எண் நம் வீட்டில் ஒலிக்கின்றதா என்பதே கேள்வி.

ஒலிக்காமற்போனால் என்ன ஆகும் என்பதை நாம் நம் வீட்டிலேயே கண்டோம்.

1996ஆம் ஆண்டு. தந்தையார் மத்திய அரசுப் பணியில் இருந்தார். தில்லியில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நாம் கல்லூரியில் கலைப் பாடம் படித்துக்கொண்டிருந்த காலம். தொலைபேசி வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. வெளியூருக்குப் பேசுவதென்றால் செலவு அதிகம். ஆகவே நாமாக ரிசீவரை எடுப்பது அபூர்வம். ஊரிலிருந்து வரும் அழைப்பைக் கேட்பதற்காகவே அந்தக் கருவி வீட்டில் இருந்தது என்று சொன்னால் தவறில்லை. கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தந்தையாரின் தமக்கை, நம் அத்தை, இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை இரவில் கட்டணம் குறைந்த பிறகு, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து இரண்டு நிமிடம் பேசுவார்.

தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்தினார்கள், மறுபடி சுவரோடு சேர்த்துத் தள்ளினார்கள். ஐந்து நாள் தொலைபேசி மணி அடிக்கவில்லை. அழைப்பு எதுவும் வரவில்லை என்றே நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆறாம் நாள் தந்தி வந்தது. அத்தையின் கணவர், மாமா, காலமாகிவிட்டார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, அங்கிருந்து இரவு வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அத்தை அழவில்லை. தந்தையாரைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்: "நாலு நாளா மணி அடிச்சுக்கிட்டே இருந்துதே தம்பி, ஒருத்தரும் எடுக்கலையே?"

மாமாவைத் தஞ்சாவூர் மருத்துவமனையில் சேர்த்த நாள் முதல் அவர் ஒவ்வொரு மாலையும் பூத்துக்கு வந்து நம் எண்ணைச் சுழற்றியிருக்கின்றார். அவர் காதில் மணி ஒலித்தது. பூத்துக்காரரும் கேட்டார், "மணி போகுதம்மா, அவங்க எடுக்கலை" என்றார். நம் வீட்டிலோ ஓசையே இல்லை. இதை அவருக்கு எப்படி விளக்குவது? தந்தையார் விளக்கிப் பார்த்தார். நம்பியதாகவும் அத்தை சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. தில்லிக்குத் திரும்பியபின் லைன்மேன் வந்து பீரோவை நகர்த்தினார். பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஒரு கம்பி திருகாணிக்கு அருகே முறிந்து தனியே நின்றது. அவர் அதனைச் சீவித் திருகாணியில் பூட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அழைத்தவர் காதில் மணி ஒலிப்பதும் நம் வீட்டில் ஒலிக்காததும் எவ்வாறு நேரிடும்? இதை விளங்கிக்கொள்ளத் தொலைபேசிக் கம்பியில் நடப்பது என்ன என்று சிறிது பார்க்க வேண்டும்.

தொலைபேசி நிலையத்திலிருந்து, அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து, நம் வீட்டுக்கு ஒரு ஜோடிச் செப்புக் கம்பி வருகின்றது. நிலத்தடிக் கேபிளில் நூற்றுக்கணக்கான ஜோடிகளோடு ஒன்றாகக் கிளம்பி, தெருவோரத்து இரும்புப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து கம்பத்திலோ சுவரிலோ பொருத்திய சிறு பகிர்வுப் பெட்டிக்கு வந்து, கடைசியில் கறுப்பு உறையிட்ட கம்பியாக நம் சன்னல் வழியே நுழைகின்றது. நிலையத்தில் பெரிய மின்கலங்கள் இருக்கின்றன. அவை இந்த ஜோடிக்குச் சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்ட அழுத்தத்தை எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும். ஊரில் மின்சாரம் போனாலும் செப்புக் கம்பித் தொலைபேசி பேசுவதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மின்கலத்தின் நேர்முனையை மண்ணோடு இணைத்து, எதிர்முனையைக் கம்பிக்குக் கொடுப்பார்கள். ஈரம் பட்ட இடத்தில் செம்பு கரைந்து அரிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. செம்பில் களிம்பு ஏறுவதைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்லுவார்கள். தொலைபேசிப் பொறியாளருக்கோ களிம்பு உவமை அன்று. நாள்தோறும் எதிர்ப்படும் பகை. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரிசீவர் கருவியின்மேல் அமர்ந்திருக்கும்போது சுற்று திறந்திருக்கின்றது, மின்னோட்டம் இல்லை. எடுத்தவுடன் சுற்று மூடுகின்றது. கம்பியில் மின்னோட்டம் ஓடத் தொடங்குகின்றது. 48 வோல்ட் என்பது பத்து வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இதைக் கண்டுதான் எக்ஸ்சேஞ்ச், இவ்வீட்டார் பேச விரும்புகிறார்கள் என்று உணர்ந்து டயல் டோனை அனுப்புகின்றது. அந்த 'ம்ம்ம்' என்னும் ஒலி நிலையத்துக்கும் நம் காதுக்கும் இடையே எல்லாம் சரியாக இருக்கின்றது என்பதற்குச் சான்று. மணி அடிப்பதற்கோ வேறு மின்சாரம் வேண்டும். 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுமின்னோட்டம், வினாடிக்கு 20 அல்லது 25 முறை திசை மாறுவது, விட்டுவிட்டு அனுப்பப்படும். அதுதான் மணியை அடிக்கின்றது.

இங்கேதான் நம் அத்தையின் கேள்விக்கு விடை இருக்கின்றது. அழைப்பவர் காதில் கேட்கும் மணி நம் வீட்டு மணியின் ஓசை அன்று. எக்ஸ்சேஞ்ச் தானாக உண்டாக்கி அவருக்கு அனுப்பும் ஒலி அது. நம் வீட்டுக் கம்பி அறுந்துவிட்டால் சுற்று திறந்தே இருக்கும். ரிசீவரை வைத்திருப்பதும் கம்பி அறுந்திருப்பதும் எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே அது மணி மின்சாரத்தை வெறுங்கம்பிக்கு அனுப்பிக்கொண்டு, அழைத்தவருக்கு 'மணி போகின்றது' என்று தெரிவித்துக்கொண்டேயிருக்கும்.

மாறாக, இரண்டு கம்பிகளும் எங்கேனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சுற்று மூடிவிடும். யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் எண்ணும். அப்போது அழைப்பவருக்கு எங்கேஜ்டு ஒலி கேட்கும். மூன்றாவது வகையும் உண்டு. கம்பி அறவும் இல்லை, ஒட்டவும் இல்லை. ஈரத்தின் வழியாகச் சிறிது மின்சாரம் மட்டும் கசிகின்றது. அப்போது மணி ஒருமுறை அரைகுறையாக அடித்து நின்றுவிடும், எடுத்தால் கரகரப்பு.

இம்மூன்றையும் அறிந்தால் நேயர்களுக்கு ஒரு நல்ல சோதனை கிடைத்துவிடுகின்றது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் கைபேசியிலிருந்து உங்கள் வீட்டு எண்ணை அழையுங்கள். கைபேசியில் மணி ஒலித்து, வீட்டில் ஒலிக்கவில்லையா? கம்பி அறுந்திருக்கின்றது, அல்லது தொலைபேசியின் அடிப்பக்கத்தில் இருக்கும் மணியோசைப் பொத்தானைக் குழந்தைகள் யாரேனும் அணைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவதை முதலில் பாருங்கள். ஒருவரும் பேசாதபோது எங்கேஜ்டு ஒலி கேட்கின்றதா? கம்பிகள் ஒட்டியிருக்கின்றன, அல்லது உள்ளறைத் தொலைபேசியின் ரிசீவர் ஒழுங்காக வைக்கப்படவில்லை. ஒரே மணியில் நிற்கின்றதா? ஈரக்கசிவு. இவற்றோடு, பணம் கட்டாததால் இணைப்பு நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொல்லுமானால், அக்கோளாறுக்குத் திருப்புளி தேவையில்லை.

அடுத்து, பெட்டியைத் திறப்போம். திறக்குமுன் ஒரு சொல். 48 வோல்ட் உலர்ந்த கையை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நாம் கம்பியைப் பிடித்திருக்கும் நேரத்தில் யாரேனும் அழைத்தால் மணி மின்சாரம் நன்றாகவே உதறும். இதைத் தவிர்க்க எளிய வழி, அதே இணைப்பில் வேலை செய்யும் வேறொரு தொலைபேசி இருந்தால் அதன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவது. அழுத்தமும் தாழ்ந்துவிடும், மணியும் வராது. இடி மின்னல் வேளையில் இந்தப் பெட்டியின் பக்கமே போகலாகாது. ஈரக் கையோடும் தொடலாகாது. வீட்டு விளக்குக்கு வரும் 230 வோல்ட் மின்கம்பி இதே குழாயில் போகுமானால், அதைப் பிரித்துத் தனியே கொண்டுபோக எலெக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.

மூடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் நான்கு திருகாணிகள் தென்படும். அவற்றிலிருந்து சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு நிறங்களில் நான்கு மெல்லிய கம்பிகள் சாக்கெட்டுக்குப் போகும். நான்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு தொலைபேசிக்கு வேண்டியவை நடுவிலுள்ள இரண்டு மட்டுமே; வழக்கமாகச் சிவப்பும் பச்சையும். மஞ்சளும் கறுப்பும் இரண்டாவது இணைப்புக்காக வைத்தவை. நம் வீடுகளில் சும்மா இருப்பவை. சில பெட்டிகளில் எல் 1, எல் 2 என்று மட்டும் எழுதியிருக்கும். வெளியிலிருந்து வரும் ஜோடியின் இரு கம்பிகளையும் இந்த இரண்டு திருகாணிகளில் பூட்டினால் வேலை முடிந்தது. எது எதில் என்பது இன்றைய தொலைபேசிகளுக்குப் பொருட்டன்று; அவை மின்சாரம் எத்திசையில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். மிகப் பழைய பொத்தான் தொலைபேசிகள் சில மட்டும், டோன் வந்தும் எண்ணை அழுத்தினால் ஒலி எழாமல் அடம்பிடிக்கும். அவற்றுக்கு இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டினால் போதும்.

ஆயினும் நிறத்தை நம்பி வேலை செய்யலாகாது. சுவருக்குள் ஓடும் கம்பியை இழுத்தவர் கையில் எந்த நிறம் இருந்ததோ அதைப் போட்டிருப்பார். எந்தக் கம்பி எந்தத் திருகாணியிலிருந்து கழற்றப்பட்டது என்பதைக் கழற்றுமுன்னரே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கம்பியைச் சீவுவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பிளேடால் உறையைச் சுற்றி அறுக்கும்போது உள்ளிருக்கும் செம்பிலும் ஒரு கீறல் விழுந்துவிடுகின்றது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து யாரோ பெட்டியை இடிக்கும்போது, கீறிய இடத்தில் கம்பி முறியும். நம் வீட்டில் நடந்ததும் அதுவே. வெள்ளையடித்தவர்கள்மேல் நாம் வீணாகப் பழி போட்டோம். ஆகவே உறையைக் கவனமாக, அரை விரல் அளவுக்கு மட்டும் உரிக்க வேண்டும். செம்பு பளபளவென்று இல்லாமல் கறுத்தோ பச்சைபூத்தோ இருந்தால் அத்துண்டை வெட்டியெறிந்து புதிதாகச் சீவ வேண்டும். திருகாணியைச் சுற்றி வலப்புறமாக, அது முறுகும் திசையிலேயே வளைத்தால், இறுக்கும்போது கம்பி உள்ளே இழுக்கப்படும். இடப்புறமாக வளைத்தால் பிதுங்கி வெளியே வந்துவிடும். இரு கம்பிகளின் வெற்று நுனிகளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா என்று மூடியைப் போடுமுன் பார்க்க வேண்டும்.

சாக்கெட்டின் வாயையும் ஒருமுறை டார்ச்சு விளக்கால் பாருங்கள். உள்ளே மெல்லிய கம்பிவில்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். அவற்றில் ஒன்று படுத்துவிட்டாலோ, பக்கத்து வில்லோடு ஒட்டிக்கொண்டாலோ தொலைபேசி பேசாது. தூசியும் எறும்பும் சிலந்தி நூலும் அங்கே குடியிருக்கும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். எண்ணெயோ தண்ணீரோ விடலாகாது. வில் வளைந்திருந்தால் நிமிர்த்திச் சீர்ப்படுத்துவதைவிடப் புதிய சாக்கெட் வாங்கிப் போடுவதே சிறந்தது. அதன் விலை அற்பம். பிளக்கின் தலையிலிருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தாலும் அப்படியே. பூனை தாண்டினால் இணைப்பு விட்டுப்போகும். தொலைபேசியிலிருந்து சுவருக்குப் போகும் கம்பியின் பிளக்கும், ரிசீவருக்குப் போகும் சுருள் கம்பியின் பிளக்கும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சுருள் கம்பியின் பிளக் சற்று ஒடுங்கியது. அதைச் சுவர்ச் சாக்கெட்டில் திணித்து வில்களைக் கெடுத்தவர்கள் பலர்.

டோன் வரவில்லை என்றால் எங்கே தொடங்குவது? வீட்டுக்குள் கம்பி முதன்முதலாக நுழையும் இடத்தில் தொடங்க வேண்டும். எல்லாத் தொலைபேசிகளையும், இணையப் பெட்டியையும் கழற்றிவிடுங்கள். வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு தொலைபேசியை மட்டும் முதற்பெட்டியில் செருகுங்கள். அங்கிருந்து உள்ளறைகளுக்குப் போகும் கம்பிகளையும் திருகாணியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது டோன் வந்தால் வெளிக்கம்பி நலம். கோளாறு வீட்டுக்குள் இருக்கின்றது. வராவிட்டால் கோளாறு வெளியே. அது நம் வேலையன்று. கம்பத்தின்மேல் ஏறுவதும் பகிர்வுப் பெட்டியைத் திறப்பதும் கூடவே கூடாது. ஒரு பெட்டியில் பலர் வீட்டு ஜோடிகள் இருக்கின்றன. நம் வீட்டைச் சரிசெய்யப் போய் அடுத்தவர் வீட்டை ஊமையாக்கிவிடுவோம்.

வெளிக்கம்பி நலம் என்றால் உள்ளறைக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் டோனைக் கேளுங்கள். எதைச் சேர்த்தவுடன் டோன் மறைகின்றதோ அதுதான் குற்றவாளி. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் நேர்மின்னோட்டத்தின் 200 வோல்ட் நிலையில் வைத்து இரு திருகாணிகளையும் தொட்டுப் பார்க்கலாம். ரிசீவர் வைத்திருக்கையில் 48 வோல்ட் அளவும், எடுத்தவுடன் பத்து வோல்ட் அளவும் காட்டினால் எல்லாம் ஒழுங்கே. ஒன்றுமே காட்டாமல், உள்ளறைக் கம்பியைக் கழற்றியவுடன் 48 வந்துவிடுமானால், அக்கம்பியில் எங்கோ இரண்டும் ஒட்டியிருக்கின்றன. கதவிடுக்கில் நசுங்கிய இடம், ஆணி அடித்த இடம், எலி கடித்த இடம் இவற்றைத் தேடுங்கள்.

கரகரப்பும் ரீங்காரமும் வேறு வகை. கரகரப்புக்குக் காரணம் தளர்ந்த திருகாணி அல்லது நாம் முன்னே சொன்ன களிம்பு. முதலில் ரிசீவரின் சுருள் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது ஓசை கூடினால் அதை மட்டும் மாற்றினால் போதும். மழை பெய்தால் வந்து வெயில் அடித்தால் போகும் கரகரப்பு வெளியே ஈரம் புகுந்த இணைப்பால் வருவது. அதை லைன்மேனிடம் சொல்லும்போது மழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெயில் நாளில் வந்து, நன்றாகத்தானே இருக்கின்றது என்று போய்விடுவார்.

ரீங்காரம் என்பது வீட்டு மின்சாரத்தின் சாயல். தொலைபேசி ஜோடியை முறுக்கிப் பின்னியிருப்பதே இதைத் தடுப்பதற்காகத்தான். பக்கத்து மின்கம்பியின் தாக்கம் பின்னிய இரு கம்பிகள்மீதும் சமமாக விழுகின்றது. ஒன்றில் வந்தது மற்றொன்றில் வந்ததோடு கழிந்துவிடுகின்றது. முறுக்கில்லாத தட்டைக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்து நெடுந்தூரம் ஓட்டினால் இந்தக் கணக்குத் தப்புகின்றது. ஒரு கம்பி மட்டும் ஈரச் சுவரைத் தொட்டாலும் தப்புகின்றது. சமநிலை கெட்டால் இரைச்சல்.

ஒரே இணைப்பில் கூடம், படுக்கையறை, அடுக்களை என்று தொலைபேசிகளைப் பெருக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக்கு வரும் மின்சாரம் ஓர் அளவுக்குத்தான் வரும். பழைய உலோக மணித் தொலைபேசிகள் நான்கைந்தைச் சேர்த்தால் மணி முனகும். சில சமயம் எதுவும் அடிக்காது.

தொலைபேசிக் கம்பியிலேயே இணையமும் வருகின்ற வீடுகளில் ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி ஒன்று இருக்க வேண்டும். அதில் மூன்று வாய்கள்: ஒன்று வெளிக்கம்பிக்கு, ஒன்று மோடத்துக்கு, ஒன்று தொலைபேசிக்கு. மனிதக் குரல் போகும் அலைகள் வினாடிக்கு 300 முதல் 3400 அதிர்வுகள் வரை. இணையத்தின் அலைகள் அதற்கு மிக மேலே. இரண்டையும் ஸ்பிளிட்டர் பிரித்து அனுப்புகின்றது. அதைக் கடந்து நேரே செருகிய தொலைபேசி ஒன்று வீட்டில் இருந்தால், பேச்சில் 'ஸ்ஸ்' என்னும் இரைச்சல் கேட்கும். ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் இணையம் அறுந்துபோகும். உள்ளறைத் தொலைபேசிகளை ஸ்பிளிட்டருக்குப் பின்னால் கொண்டுவருவதே பரிகாரம்.

இப்போது பல இடங்களில் செப்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழையைக் கொடுக்கிறார்கள். அதே பழைய தொலைபேசியை, வீட்டுக்குள் வைக்கும் புதுப் பெட்டியின் பின்புறத்துச் சாக்கெட்டில் செருகிவிடுகிறார்கள். பேச்சுத் தெளிவாக இருக்கின்றது, உண்மையே. ஆனால் இரண்டு மாறுதல்களை மனத்தில் கொள்ள வேண்டும். 48 வோல்ட் இனி எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை. அந்தப் பெட்டியே உண்டாக்கித் தருகின்றது. ஆகவே வீட்டில் மின்சாரம் போனால் தொலைபேசியும் போகும். தனியே வாழும் முதியவர்கள் வீட்டில் இப்பெட்டிக்கு ஒரு சிறு மின்கலத் துணை வைக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, அப்பெட்டியின் சாக்கெட்டிலிருந்து சுவருக்குள் ஓடும் பழைய கம்பிகளுக்கு இணைப்புக் கொடுத்து எல்லா அறையிலும் பேச விரும்பினால், முதலில் பழைய வெளிக்கம்பியைத் திருகாணியிலிருந்து கழற்றி நுனிகளைச் சுற்றி ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் மின்சாரம் வந்தால் புதுப் பெட்டி பழுதாகும்.

லைன்மேனை அழைத்தே தீரவேண்டிய வேளையும் வரும். வட மாநிலங்களில் இருக்கும் நேயர்கள் 'ஃபோன் டெட்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது நோயாளி, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வது போன்றது. டோன் இல்லையென்றால் 'டயல் டோன் நஹீ ஆ ரஹா' என்றும், மணி அடிக்காவிட்டால் 'கண்டீ நஹீ பஜ்தீ' என்றும், கம்பி அறுந்திருந்தால் 'தார் டூட் கயா' என்றும் சொல்லலாம். இந்தத் தார் என்னும் இந்திச் சொல்லுக்குக் கம்பி என்றும் பொருள், தந்தி என்றும் பொருள். நம் தந்தி என்னும் சொல்லும் அடியில் கம்பியையே குறிக்கும். 1996இல் நம் வீட்டில் முதல் தார் அறுந்த பின்பு இரண்டாம் தார் வந்தது. 2013இல் தந்தி நிறுத்தப்பட்டபின் அந்தத் துணையும் இல்லை.

நம் தந்தையார் அந்த ஆண்டிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். காலையில் பால் வாங்கி வைத்தபின் ரிசீவரை எடுத்து டோனைக் கேட்டுவிட்டு வைப்பார். வாரத்துக்கு ஒருமுறை எதிர்வீட்டாரிடம் சொல்லி நம் எண்ணை அழைக்கச் செய்வார்; டோன் இருந்தும் மணிமட்டும் கெட்டுப்போவது உண்டு என்று லைன்மேன் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாருக்கு இது வேடிக்கை. அத்தை அதன்பின் பதினோர் ஆண்டுகள் இருந்தார், ஞாயிறுதோறும் அழைத்தார். நாம் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவோம்.

லைன்மேன் வந்து வேலையை முடித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும்போது டோனை மட்டும் கேட்டுவிட்டு அவரை அனுப்பிவிடாதீர்கள். அவர் எதிரில் இருக்கும்போதே கைபேசியிலிருந்து வீட்டு எண்ணை அழைத்து, மணி அடிப்பதைக் காதால் கேட்டு, ரிசீவரை எடுத்து இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்த பிறகு, அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.